பத்தொன்பதாவது ஆள்

யாரபில் ஊரில் ஆல்வின் நோஸ்கேயை யாரும் ஆல்வின் என்று கூப்பிடுவதில்லை. சிராய் என்றுதான் கூப்பிடுவார்கள். பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து பின்புறத்தில் சிராய் ஏறிப்போனவன் என்று அர்த்தம். அந்தப் பெயரை முதலில் வைத்த புண்ணியவான் யார் என்று இன்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் தபால்காரர் முதல் பாதிரியார் வரை அதுதான் பெயர். அவன் மனைவி மாவிஸ் மட்டும் ஒருநாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. சொன்னவர்களோடு அவள் பேசாமல் இருந்ததும் இல்லை. அப்படி இருந்தால் ஊரில் பேச ஆளே கிடைக்காது.

இருபது வயதில் அவன் உதைத்த பந்தைப் பார்த்துவிட்டு மெல்பர்னிலிருந்து ஒரு பெரிய கிளப்பின் ஆள் காரில் வந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, அவன் அம்மா செய்த கேக்கில் மூன்று துண்டு தின்றார். பிறகு பெண் கேட்பதுபோல் பணிவாக, "உங்க பையனை எங்களுக்குக் குடுங்க" என்றார். கோதுமை அறுவடை முடியட்டும் என்றார் அப்பா. முடிந்தது. ஊரே ரயிலடிக்கு வந்து கையாட்டியது.

எங்கள் ஆஸ்திரேலியக் கால்பந்தில் பந்தைக் கையாலும் பிடிக்கலாம்; களத்தில் ஆடுவது பதினெட்டுப் பேர். பத்தொன்பதாவது ஆளும் இருபதாவது ஆளும் ஓரத்தில் பெஞ்சில் இருப்பார்கள். உள்ளே இருக்கும் யாருக்காவது அடிபட்டால்தான் இவர்களுக்கு வாழ்வு. அன்றைய விதிப்படி ஒருமுறை வெளியே போனவன் அன்று திரும்பி வரக் கூடாது. அதனால் எந்தப் பயிற்சியாளரும் கடைசி நிமிடம்வரை ஆளை மாற்றத் துணிய மாட்டார். மெல்பர்னில் ஆல்வின் இருந்த மூன்று குளிர்காலமும் அவன்தான் பத்தொன்பதாவது ஆள். சீருடைமேல் கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, மழையில் நனைந்தபடி, அடுத்தவன் கால் பிசகக் காத்திருக்கிற உத்தியோகம். பக்தியான லூத்தரன் கிறிஸ்தவ வீட்டுப் பையனுக்கு அது உறுத்தாமல் இருக்குமா?

"யாருக்கும் அடிபடக் கூடாதுன்னு ஜெபம் பண்ணிட்டுத்தான் உக்காருவேன்," என்று கல்யாணமான புதிதில் மாவிஸிடம் சொன்னான். "அப்புறம் மனசு கேக்காது. ஒரே ஒருத்தனுக்கு மட்டும், லேசா, கணுக்கால்லன்னு சேத்துப்பேன்."

சிலமுறை களத்தில் விட்டார்கள். கடைசி இரண்டு மூன்று நிமிடங்கள். அந்த நேரம் பார்த்துப் பந்து எதிர்முனையை விட்டு வராது. மூன்றாம் வருடம் முழங்கால் வீங்கிக்கொண்டு ஊர் திரும்பினான். வெளியூர்க்காரர்களிடம் "எங்க ஆளு மெல்பர்ன்ல ஆடினவன்" என்று மார்தட்டுவதும், அவனைக் கண்டால் "என்ன சிராய், டாக்டர்கிட்டக் காட்டி எடுத்துட்டியா?" என்று கேட்பதும் ஒரே வாய்தான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஊர் அணிக்கு அவன் பல வருடம் ஒழுங்காக ஆடினான். நன்றாகவே ஆடினான் என்று நான் சொல்வேன். ஆனால் அந்த வருடங்களில் யாரபில் ஒருமுறைகூட இறுதி ஆட்டத்துக்குப் போகவில்லை. சாதாரண சனிக்கிழமைகளை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? அணி தேறி, பக்கத்து ஊரான டூனாக்கோடு கோப்பைக்கு மோத வேண்டிய வருடம் வந்தபோது, அவனுக்கு முப்பத்து நான்கு வயது. முழங்காலில் எப்போதும் கட்டு. அதுதான் கடைசி வருடம் என்று அவனே சொல்லிவிட்டான். கோப்பை நாளில் களத்தில் இறங்க வேண்டும், ஒரு பந்தையாவது பிடிக்க வேண்டும். இதை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. மாவிஸுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

வியாழக்கிழமை ராத்திரி மதுக்கடையில் அணிப் பட்டியலை வாசித்தார்கள். அவன் வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றினான்.

"என்ன ஆச்சு?" என்றாள் மாவிஸ்.

"கோட்டை எடுத்து வை."

அவள் கோட்டை எடுத்து வந்து, பொத்தான் ஒன்று தொங்கியதைத் தைத்தாள். தைக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அணித்தலைவனும் பயிற்சியாளனுமான கிளாரி, சின்ன வயதில் அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன். அன்றைக்கே அவனைக் குளத்தில் தள்ளிவிட்டிருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது.

மாவிஸுக்கு அப்போது ஆறாம் மாதம். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் மூன்று முறை கருவுற்று மூன்றும் நிற்கவில்லை. இந்த முறை ஹார்ஷம் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: நிற்கக் கூடாது, ஓடக் கூடாது, கத்தக் கூடாது, பதறக் கூடாது. "கால்பந்துக்குப் போகலாமா?" என்று கேட்டதற்கு, "இதையெல்லாம் செய்யாம உங்க ஊர்ல எவ கால்பந்து பாத்திருக்கா?" என்றாராம். கத்துவது பற்றி மாவிஸுக்குக் கவலையில்லை. தம்பி ரோலியும் புருஷனும் ஆடிய எந்த ஆட்டத்திலும் அவள் குரலெடுத்துக் கத்தியதில்லை. ஊரில் அது ஒரு அதிசயம்.

சனிக்கிழமை காலையில் சீக்கிரமே போய், வேலியை ஒட்டிக் காரின் மூக்கை வைத்து ஆல்வின் இடம் பிடித்தான். கோதுமைக் கிடங்குப் பக்கம், கோல் கம்பங்களுக்குக் கொஞ்சம் தள்ளி. அவள் முதுகுக்குத் தலையணை வைத்தான். கம்பளியை முழங்கால்மேல் போர்த்தினான். கோட்டை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டான்.

"கீழ இறங்காத."

"இறங்கல. நீ போ."

பக்கத்து இருக்கைக்கு ஐவி வந்து சேர்ந்தாள். ஐவிக்கு எழுபது வயது, கையில் டீ பிளாஸ்க், மடியில் கறி அடைத்த ரொட்டி, நாக்கில் கத்தி. "உன் புருஷன் உக்கார்ற பெஞ்சைப் பாத்தியா? புது பெயின்ட் அடிச்சிருக்கானுங்க. மரியாதை கூடிப்போச்சு," என்றாள்.

மழை விட்டும் விடாமலும் இருந்தது. முதல் பாதியிலேயே ஒருவனுக்குத் தோள் இறங்கியது. மாவிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கிளாரி கையைக் காட்டினான். எழுந்து ஓடியவன் இருபதாவது ஆள், பால்பண்ணைக்காரரின் மகன், போன வருடம் வந்தவன். ஆல்வின் மறுபடி கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொள்வது வேலி தாண்டித் தெரிந்தது.

"பந்தியில காத்திருந்தவன் இலையை எடுத்து நேத்து வந்தவனுக்குப் போட்டுட்டானே!" என்றாள் ஐவி. "கிளாரிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"ரொட்டியைச் சாப்பிடுங்க ஐவி, ஆறிடும்," என்றாள் மாவிஸ். கண்ணில் நீர் முட்டியது. கர்ப்பம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

நான்கில் கடைசிப் பகுதி. ஆட்டம் முடிய ஐந்தாறு நிமிடம் இருக்கலாம். டூனாக் மூன்று புள்ளி முன்னால். தூரத்து முனையில் ரோலி பந்துக்குத் தாவினான். யாருடைய முழங்கையோ அவன் காதோரம் இறங்கியது. சேற்றில் முகம் பதித்துக் கிடந்தான். அணிக்கு முதலுதவி பார்க்கும் கிழவர் மிக், தண்ணீர்ப் பையும் துண்டுமாக ஓடினார். கிளாரி பெஞ்சைப் பார்த்துக் கத்தினான்.

"சிராய்! ரோலிக்குப் பதிலா நீ! முன்னால போ, கிடங்குப் பக்கம்!"

ஆல்வின் கோட்டைக் கழற்றவில்லை; கிழித்துக்கொண்டு வந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். தைத்த பொத்தான் எங்கோ தெறித்தது. கட்டுப் போட்ட முழங்காலோடு அவன் ஓடி வந்து, மாவிஸின் காருக்கு நேர் எதிரே, கோலுக்கு முன்னால் நின்றான். அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவோம் என்று பயந்திருப்பான்.

மாவிஸ் இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். "பந்து இந்தப் பக்கம் வரட்டும் கடவுளே," என்றாள். "ஒரே ஒருதடவை."

வந்தது. நடுக்களத்திலிருந்து யாரோ உயரமாக உதைத்த பந்து, ஈரத்தில் கனத்து, மெதுவாகச் சுழன்றுகொண்டு வந்தது. கீழே மூன்று பேர். டூனாக் ஆட்கள் இருவரும் முன்கூட்டியே தாவிவிட்டார்கள். ஆல்வின் பொறுத்தான். பதினான்கு வருடம் பொறுத்தவனுக்கு அரை நொடி பொறுக்கத் தெரியாதா? பின்னாலிருந்து எழும்பினான். பந்து அவன் இரு உள்ளங்கைகளிலும் வந்து ஒட்டியது. கீழே விழுந்தும் விடவில்லை.

தரைபடாமல் பிடித்தால் யாரும் கிட்ட வரக் கூடாது. நின்று நிதானமாக உதைக்கலாம். நேர் எதிரே கம்பங்கள். கோல் போனால் ஆறு புள்ளி, கோப்பை யாரபிலுக்கு. வேலியோரத்து யாரபில் கார்கள் அத்தனையும் ஹாரன் அடித்தன. ஐவி ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்து தானே ஹாரனை அழுத்தினாள். "பிடிச்சுட்டான்டீ! உன் ஆளு பிடிச்சுட்டான்டீ!"

மாவிஸ் சிரித்தாள், அழுதாள். இதைப் பார்க்காமல் போனானே என்று தம்பியின் நினைவு வந்தது. எப்படி இருக்கிறானோ என்று பெஞ்சைப் பார்த்தாள். பெஞ்சு காலியாக இருந்தது. மிக் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லைக்கோட்டருகே தனியாக நின்று, களத்தைப் பார்த்துக் கையை ஆட்டி யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர் கை போன திசையில் பார்த்தாள். தூரத்து முனையில், தன் வழக்கமான இடத்தில், முழங்காலில் கை ஊன்றி, தப்பான திசையைப் பார்த்துக்கொண்டு ரோலி நின்றான்.

அவன் வெளியே போகவே இல்லை. எழுந்து, மிக்கைத் தள்ளிவிட்டு, ஆடப் போய்விட்டான்.

எங்கள் ஆட்டத்தில் ஒரு பொல்லாத விதி உண்டு. எதிர் அணியில் ஆள் அதிகம் என்று சந்தேகம் வந்தால், அணித்தலைவன் நடுவரிடம் போய்த் தலை எண்ணச் சொல்லிக் கேட்கலாம். நடுவர் ஊதலை ஊதி, எல்லோரையும் வரிசையில் நிறுத்தி எண்ணுவார். பத்தொன்பது தலை இருந்துவிட்டால், அதுவரை அந்த அணி எடுத்த புள்ளி எல்லாம் அழியும். ஒன்றுகூட மிஞ்சாது. பல ஊர்களில் ஒரு தலைமுறைக்கு ஒருமுறைகூட இது நடக்காது. ஆனால் விதி தெரியாத ஆள் கிடையாது.

டூனாக் தலைவன் வெர்ன் களத்தின் நடுவில் நின்றிருந்தான். அவன் ஆல்வினைப் பார்க்கவில்லை. விரலை நீட்டி, யாரபில் ஆட்களை ஒவ்வொருவராகக் குத்திக் காட்டி, உதடசைத்துக்கொண்டிருந்தான். பிறகு நடுவரை நோக்கி நடக்கத் தொடங்கினான்.

ஆல்வின் பந்தோடு பின்னால் நடந்து, காலுறையை இழுத்துவிட்டு, கம்பங்களை அளந்துகொண்டிருந்தான். அவனுக்கு வேறெதுவும் தெரியவில்லை. மாவிஸுக்கு எல்லாம் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் உதைப்பான். கோலும் போகும். அப்புறம் எண்ணுவார்கள், எல்லாம் அழியும். கிளாரி ஆள் மாற்றியதை ஊர் மறந்துவிடும், ரோலி வெளியே போகாததை மன்னித்துவிடும். சிராய் உள்ளே வந்தான், கோப்பை போயிற்று என்பது மட்டும் அவன் கல்லறைவரைக்கும் கூடவே வரும். கோப்பை நாசமாகப் போகட்டும், அவனை அப்படிப் பேச விடமாட்டேன் என்று நினைத்தாள்.

ஹாரன் அடித்துப் பயனில்லை. எல்லா ஹாரனும் அடித்துக்கொண்டிருந்தன. கதவைத் திறந்து இறங்கினாள்.

"ஏய், எங்கடீ போற? டாக்டர் என்ன சொன்னாரு?" என்று ஐவி கத்தினாள்.

மாவிஸ் வேலிக் கம்பிக்குக் கீழே, ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, குனிந்து நுழைந்தாள். எல்லைக்கோட்டுக்கு வெளியே ஈரப் புல்லில் நின்றாள். வாழ்நாளில் முதன்முறையாகக் கால்பந்துக் களத்தில் கத்தினாள்.

"ஆல்வின்! வெளிய வா! ஆல்வின்! வந்துடு!"

அவன் திரும்பினான். அவளைப் பார்த்தான். ஒரு கணம்தான். பந்தை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். கட்டுப் போட்ட கால் ஒருபக்கம் இழுக்க, சேறு தெறிக்க, அந்த மனிதன் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. ஹாரன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. டூனாக் பக்கமிருந்து பெரிய சிரிப்பு எழுந்தது. "பெஞ்சு ஞாபகம் வந்துடுச்சுடோய்!" என்று எவனோ கத்தினான். அவன் எல்லைக்கோட்டைத் தாண்டி அவள் தோள்களைப் பிடித்தபோது நடுவரின் ஊதல் கேட்டது.

"ரோலி வெளிய வரல," என்றாள் மாவிஸ் மூச்சு வாங்க. "உள்ளதான் நிக்கறான். வெர்ன் தலை எண்ணச் சொல்லிட்டான். உன்னோட சேத்தா பத்தொன்பது."

ஆல்வினின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவளையே பார்த்தான். பிறகு புல்லில் உட்கார்ந்து, சேற்றுக் கைகளால் முகத்தை மூடிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று அழுகிறான் என்று நினைத்தாள். அவன் தலையில் கை வைத்தாள்.

நடுவர் யாரபில் ஆட்களை வரிசையாக நிறுத்தி எண்ணினார். சந்தேகத்துக்கு மறுபடி எண்ணினார். பதினெட்டு. வீணாக எண்ணக் கேட்டதற்குத் தண்டனையாகப் பந்தை யாரபில் தலைவன் கையில் கொடுத்தார், ஆல்வின் அதைப் போட்டுவிட்டுப் போன அதே இடத்தில். வரிசையில் நின்ற ரோலி நடுவரிடம், "முதல் பகுதி முடிஞ்சுதா சார்?" என்று கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகுதான் அவனை வெளியே கூட்டிப்போனார்கள். வெளியே போன ஆல்வின் திரும்பி வர முடியாது. யாரபில் பதினேழு பேரோடு ஆடியது.

கிளாரி உதைத்தான். கோல். மூன்று புள்ளி வித்தியாசத்தில் கோப்பை. ஹாரன் சத்தம் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ஆட்டம் முடிந்த சைரன் அடித்ததும் வெர்ன்தான் முதலில் வந்தான். தோற்ற முகம், ஆனால் நல்ல மனிதன். கையை நீட்டினான். "ஓடிக்கிட்டே எல்லாரையும் எண்ணிட்டியாடா சிராய்? அதுவும் பந்தைக் கையில வச்சுக்கிட்டு? இன்னும் பத்தடி நீ மெதுவா ஓடியிருந்தா கோப்பை எங்க ஊர்ல."

ஆல்வின் கையைக் குலுக்கினான். தலையைக் குனிந்துகொண்டான்.

பின்னாலேயே கிளாரி வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "மூளைடா! மூளை! மெல்பர்ன்ல கத்துக்கிட்டதா? என் கோல் என்ன கோல், இவன் எண்ணினான் பாரு!" ஊர் ஆளாளுக்கு முதுகில் தட்டியது. எங்கிருந்தோ ஒருவன் பீர்க் கோப்பையைக் கையில் திணித்தான். ரோலியை ஒரு போர்வையில் சுற்றி அழைத்து வந்தார்கள். "மச்சான், நாம ஜெயிச்சோமாமே?" என்றான். "நான் எப்படி ஆடினேன்?"

"ரொம்ப நேரம் ஆடினடா," என்றான் ஆல்வின். எல்லோரும் சிரித்தார்கள்.

கூட்டம் மண்டபத்துக்கு நகர்ந்தது. ஐவியும் பிளாஸ்க்கோடு கிளம்பினாள். "நான் ஒண்ணும் பாக்கல, எனக்கொண்ணும் தெரியாது," என்று மாவிஸின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். ஆல்வின் மாவிஸைக் காருக்குள் உட்கார வைத்து, கம்பளியைப் போர்த்தி, பக்கத்தில் ஏறிக்கொண்டான். கண்ணாடியில் மழை விழுந்துகொண்டிருந்தது. வண்டியைக் கிளப்பவில்லை.

"நான் கூப்பிடறதுக்கு முன்னாடியே எண்ணிட்டியா?" என்று கேட்டாள்.

"எதை?"

"ஆளுங்களை. எல்லாரும் சொல்றாங்களே."

"நான் எங்க எண்ணினேன்?" என்றான். அவள் பக்கம் திரும்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். "திரும்பிப் பாத்தா நீ வேலிக்கு உள்ள நிக்கற. வயித்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கற. நீ கத்தற. நீ என்னைக்குக் கத்தின? போச்சு, இதுவும் போச்சுன்னு நினைச்சேன். பந்தை எங்க போட்டேன்னுகூட எனக்குத் தெரியாது."

புல்லில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அவன் குலுங்கியதன் காரணம் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"ஒண்ணும் ஆகலைல்ல?" என்றான். "நிஜமா?"

"ஒண்ணும் ஆகல. நல்லா உதைக்குது." அவன் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். கை ஜில்லென்றிருந்தது. "பந்து கையில நின்னுச்சே ஆல்வின். உன்னைக் கூப்பிட்டுக் கெடுத்துட்டேனே."

"நின்னுச்சு. நல்லா நின்னுச்சு."

"வருத்தமா இருக்கா?"

பரவாயில்லை என்பான், அது போதும் என்பான் என்று எதிர்பார்த்தாள்.

"ரொம்ப," என்றான் ஆல்வின். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ரொம்ப வருத்தமா இருக்கு மாவிஸ். உதைச்சிருந்தா போயிருக்கும். சாகறவரைக்கும் நினைச்சுக்கிட்டு இருப்பேன்." கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்தான். "இதே மாதிரி இன்னொரு பந்தைப் புடிச்சாலும், நீ அங்க நின்னு கூப்பிட்டா, போட்டுட்டுத்தான் வருவேன்."

மண்டபத்திலிருந்து ஊர்ப் பாட்டு கேட்கத் தொடங்கியது. யாரோ வாசலில் நின்று, "சிராய் எங்கடா? கோப்பையை அவன்தான் தூக்கணும், கூட்டிட்டு வாங்கடா!" என்று கத்தினார்கள்.

"போ," என்றாள் மாவிஸ்.

"போறேன்," என்றான். ஆனால் கையை எடுக்கவில்லை.